மூளை ஸ்கேனில் 'வயசுக்கேத்த சுருக்கம்': யாருடைய வயசுக்கு ஏத்தது? பழவேற்காட்டு முதியவர்களுக்கு ஏன் இந்தக் கேள்வி முக்கியம்?

பழவேற்காட்டில் 70 வயதைத் தாண்டிய மீனவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்ச நாளாகவே மறதி. வலையை எங்கே வைத்தோம் என்பதில் ஆரம்பித்து, மருமகன் பெயர் வரை தடுமாறுகிறது. மகன் பொன்னேரிக்குக் கூட்டிப் போகிறார், அங்கிருந்து சென்னைக்கு அனுப்புகிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு. ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரு வரி: 'ஏஜ் ரிலேட்டட் அட்ரோஃபி'. அதாவது, வயதுக்கு ஏற்ற மூளைச் சுருக்கம். "ஒண்ணும் இல்லையாம், வயசாயிடுச்சாம்" என்று குடும்பம் ஊருக்குத் திரும்பிவிடுகிறது.

வயசுக்கு ஏத்ததுன்னு எதை வைத்துச் சொன்னாங்க? 70 வயதில் மூளை இவ்வளவு சுருங்கியிருந்தால் பரவாயில்லை என்பதை யாருடைய மூளையை அளந்து முடிவு பண்ணினாங்க? உலகம் முழுக்க மூளை ஆய்வாளர்கள் இப்போது இந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடுகிறார்கள். அந்த வேலையின் ஒரு முக்கியமான பகுதி நமக்குப் பக்கத்திலேயே, கர்நாடகாவின் கோலார் மாவட்டக் கிராமங்களில் நடந்துகொண்டிருக்கிறது.

குழந்தைக்கு அட்டை இருக்கு, தாத்தாவுக்கு?

அங்கன்வாடியில் குழந்தையை எடை போட்டதும் ஒரு அட்டையில் புள்ளி வைப்பார்கள். கோட்டுக்கு மேலே இருந்தால் சரி, கீழே இறங்கினால் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் அந்தக் கோடுகளை 2006-ல் வெளியிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என 6 நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து போட்ட கோடுகள் அவை. அதற்கு முன்பு வரை அமெரிக்கக் குழந்தைகளின் அளவுதான் உலகத்துக்கே அளவுகோலாக இருந்தது.

மூளைக்கும் இப்படி ஒரு அட்டை வேண்டும் என்பதுதான் ஆய்வாளர்களின் ஆசை. 2022 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் அப்படி ஒரு வரைபடம் வெளியானது. 1,01,457 பேரின் 1,23,984 ஸ்கேன்களை ஒன்றுசேர்த்து, கருவில் 115-வது நாளில் தொடங்கி 100 வயது வரை மூளை எப்படி வளர்கிறது, எப்படிச் சுருங்குகிறது என்று கோடு போட்டார்கள். மூளையின் மேற்பரப்பில் இருக்கும் சாம்பல் நிறப் பகுதியின் அளவு 6 வயதை ஒட்டியே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. வயர் மாதிரி வேலை செய்யும் வெண்ணிறப் பகுதி 29 வயதை ஒட்டி உச்சம் தொடுகிறது. அதற்குப் பிறகு மெல்ல மெல்ல இறங்குமுகம்தான்.

அதனால், 'மூளை சுருங்கியிருக்கு' என்பதே ஒரு நோய்ச் செய்தி இல்லை. வயதான எல்லோருக்கும் சுருங்கும். எவ்வளவு, எந்த இடத்தில், எவ்வளவு வேகமாக என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆனால் அந்த வரைபடத்திலும் ஒரு குறை உண்டு. ஸ்கேன்களில் பெரும்பகுதி ஐரோப்பா, வட அமெரிக்க மக்களுடையது. ஆய்வாளர்களே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்கேனில் எதைப் பார்க்கிறாங்க?

எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம். உடம்பில் இருக்கும் தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்களை அந்தக் காந்தமும் ரேடியோ அலையும் சேர்ந்து அசைத்துப் பார்த்து, அதிலிருந்து வரும் சமிக்ஞையைப் படமாக்குகிறார்கள். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் போலக் கதிர்வீச்சு கிடையாது. சத்தம் மட்டும் காதைப் பிளக்கும்.

முதியவரின் படத்தில் முக்கியமாகப் பார்ப்பது ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை. காதுக்கு உள்பக்கமாக, மூளையின் அடியில் இருக்கும். பார்க்கக் கடல்குதிரை மாதிரி இருப்பதால் கிரேக்க மொழியில் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். புது விஷயங்களை நினைவில் பதிய வைப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆரோக்கியமான முதியவருக்கே ஆண்டுக்குச் சுமார் 1 முதல் 1.5 சதவீதம் வரை இது சுருங்குகிறது. அல்சைமர் நோய் இருந்தால் ஆண்டுக்கு 4 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. ஒரே ஒரு படத்தை மட்டும் பார்த்து இந்த வேகத்தைச் சொல்ல முடியாது.

அடுத்தது, மூளைக்குள் இருக்கும் நீர் அறைகள். சுற்றியுள்ள திசு குறையக் குறைய இவை பெரிதாகும். அப்புறம், வெண்ணிறப் பகுதியில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள். 60 வயதைத் தாண்டியவர்கள் பலருக்கும் ஒன்றிரண்டு இருக்கும். நிறைய இருந்து, ஒன்றோடு ஒன்று சேர்ந்து திட்டாக மாறினால், ரத்தக் கொதிப்பு பல வருடமாகச் சின்ன ரத்தக்குழாய்களைக் கெடுத்திருக்கிறது என்று சந்தேகிக்கிறார்கள்.

மருத்துவமனையில் பெரும்பாலும் ரேடியாலஜி டாக்டர் இதையெல்லாம் கண்ணால் பார்த்துத்தான் மதிப்பிடுகிறார். ஹிப்போகேம்பஸ் சுற்றுப்பகுதியின் சுருக்கத்துக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும் முறை 1992-ல் வந்தது. நடைமுறையில், 75 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு மதிப்பெண் 2 என்றாலே இயல்பு இல்லை. 75-ஐத் தாண்டியவருக்கு அதே 2 இயல்புதான். 3 வந்தால்தான் கவலை. படம் ஒன்றுதான், வயசு மாறினால் அர்த்தமே மாறிவிடுகிறது. ஆதார் அட்டையில் பிறந்த தேதி குத்துமதிப்பாகப் பதிவான முதியவர்கள் கிராமங்களில் எத்தனை பேர் என்று யோசித்தால், இந்த 75 என்ற கோடு எவ்வளவு வழுக்கலானது என்பது புரியும்.

இப்போது இருக்கும் அளவுகோல் யாருடையது?

1988-ல் வெளியான டலராக் மூளை வரைபடத்தை ஆய்வாளர்கள் ரொம்ப காலம் பயன்படுத்தினார்கள். அது இறந்துபோன 60 வயதுப் பெண் ஒருவரின் மூளையை வைத்து வரைந்தது. ஒரே ஒருவர்! பிறகு கனடாவின் மான்ட்ரியல் நரம்பியல் நிலையம் 305 பேரின் ஸ்கேன்களைச் சராசரியாக்கி ஒரு மாதிரி மூளையைத் தந்தது. அவர்கள் எல்லோரும் ஆரோக்கியமான இளைஞர்கள்.

இந்திய மூளைக்கு மாதிரி வேண்டும் என்று 2019-ல் ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. குழு ஒன்றைத் தயாரித்தது. 50 ஆண்கள், 50 பெண்கள், எல்லோரும் 21 முதல் 30 வயதுக்குள். வெள்ளையர், சீனர், கொரியர் மூளைகளோடு ஒப்பிட்டால் இந்திய மூளை உயரம், அகலம், கொள்ளளவில் சராசரியாகச் சற்றுச் சிறியது என்று அதில் தெரிந்தது. சிறியது என்றால் அறிவு கம்மி என்று அர்த்தமில்லை. தலை சிறியதாக இருந்தால் உள்ளே இருப்பதும் சிறியதாகத்தான் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் மேற்கத்திய அளவை வைத்துக் கணக்குப் போடும் கம்ப்யூட்டருக்கு இது தெரியாவிட்டால், நம் ஊர்க்காரரின் இயல்பான மூளையை 'சுருங்கியது' என்று சொல்லிவிடலாம். அதனால்தான் மண்டையோட்டின் உள் கொள்ளளவையும் அளந்து, விகிதமாகப் பார்க்கிறார்கள்.

2020-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் தலைமையில் 466 ஸ்கேன்களை வைத்து, வயதுவாரியாக 5 இந்திய மாதிரிகள் வெளியாகின. 6 வயதில் தொடங்கும் அந்த வரிசை 60 வயதோடு நின்றுவிடுகிறது. மறதி பற்றிய கேள்வி ஆரம்பிப்பதே அந்த வயதில்தான்!

சென்னையிலும் மூளை வரைபட வேலை நடக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற வரைபடத்தை வெளியிட்டது. உலகம் திரும்பிப் பார்த்த வேலைதான். ஆனால் அது கருவில் இருக்கும் சிசுவின் மூளையைச் செல் அளவில் காட்டுவது. முதியவர்களின் மறதிக்கான அளவுகோலுக்கு வேறு மாதிரி ஆய்வு தேவை.

கோலார் கிராமங்களில் என்ன நடக்கிறது?

இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இருக்கும் மூளை ஆராய்ச்சி மையம் 2018-ல் கோலார் மாவட்டம் சீனிவாசபுரா தாலுகா கிராமங்களில் ஒரு நீண்டகால ஆய்வைத் தொடங்கியது. பெயர் 'சான்ஸ்காக்'. 45 வயதைத் தாண்டிய, டிமென்ஷியா இல்லாத 10,000 கிராமத்தினரைச் சேர்த்து, அவர்களைத் தொடர்ந்து பின்பற்றுவது இலக்கு. பெங்களூரு நகரவாசிகள் சுமார் 1,000 பேரிடம் இதேபோல இன்னொரு ஆய்வும் நடக்கிறது.

ரத்தப் பரிசோதனை, மரபணு, இதயம், காது, கண், ஞாபகசக்திச் சோதனை, இவற்றோடு மூளை எம்.ஆர்.ஐ. நோய் வந்த பிறகு எடுக்கும் படம் இல்லை இது. நல்லா இருக்கும்போதே எடுத்துவைக்கும் படம். சில வருடம் கழித்து மறுபடி எடுத்து, அதே ஆளின் பழைய படத்தோடு ஒப்பிடுவார்கள். யாருக்கு மறதி வந்தது, யாருக்கு வரவில்லை, வந்தவர்களின் மூளையில் முன்கூட்டியே என்ன மாறியிருந்தது என்று பின்னோக்கிப் பார்க்க அப்போதுதான் முடியும்.

அவசரப்பட்டுப் பலன் கிடைக்கும் வேலை இல்லை இது. கர்ப்பிணியைப் பரிசோதித்தால் பத்து மாதத்தில் விடை தெரிந்துவிடும். ஐம்பது வயதுக்காரரின் மூளைக்கு இருபது வருடம் காத்திருக்க வேண்டும்.

'ஆரோக்கியமான முதியவர்' என்றால் யார்?

இந்தத் துறையின் ரொம்பச் சிக்கலான இடம் இதுதான்.

இயல்பு என்ன என்று தெரிய, ஆரோக்கியமானவர்களை அளக்கணும். சரி, 70 வயதில் பிரஷர் இல்லை, சுகர் இல்லை, பக்கவாதம் வந்ததில்லை, குடிப்பழக்கம் இல்லை, காது நன்றாகக் கேட்கிறது என்று வடிகட்டினால் எத்தனை பேர் தேறுவார்கள்? அப்படித் தேறும் சிலரை மட்டும் அளவுகோலாக வைத்தால், தெருவில் நடமாடும் பாதிப் பேர் 'இயல்பு இல்லை' என்று ஆகிவிடும். சரி, பிரஷர், சுகர் உள்ளவர்களையும் சேர்த்துக்கொண்டால்? பிரஷர் கெடுத்த மூளையையே 'வயசுக்கு இயல்பு' என்று எழுதிவைப்போம். தடுத்திருக்கக்கூடிய சேதம், வயசு என்ற பெயரில் மறைந்துபோகும். இரண்டு பக்கமும் இடிக்கிறது.

தானாக முன்வருபவர்களை மட்டும் அளப்பதிலும் சிக்கல் உண்டு. பிரிட்டனின் யுகே பயோபேங்க் 1 லட்சம் பேருக்கு ஸ்கேன் எடுக்கும் திட்டத்தை 2025 ஜூலையில் முடித்தது. பிரமாண்டமான வேலை. ஆனால் அந்த பயோபேங்கில் சேர ஆரம்பத்தில் அழைக்கப்பட்டவர்களில் 5.5 சதவீதம் பேர்தான் வந்தார்கள். வந்தவர்கள் சராசரி மக்களைவிட வசதியும் ஆரோக்கியமும் கூடியவர்கள். கூலி வேலையை விட்டுவிட்டு ஸ்கேனுக்காக ஒரு நாள் ஒதுக்க முடியாதவரின் மூளை அந்தக் கணக்கில் எளிதில் வராது. கோலாரில் கிராமம் கிராமமாகப் போய் ஆட்களைச் சேர்ப்பதன் மதிப்பு இங்கேதான் புரிகிறது.

வேலூரில் 0.3 சதவீதம்தானா?

அளவுகோல் தப்பானால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. '10/66' என்ற சர்வதேச ஆய்வுக்குழு வேலூர் பகுதிக் கிராமங்களையும் சென்னையையும் சேர்த்து, பல நாடுகளில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் டிமென்ஷியா எவ்வளவு என்று கணக்கெடுத்தது. 2008-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. வழக்கமான மருத்துவ விதிப்படி பார்த்தால் இந்தியக் கிராமத்தில் வெறும் 0.3 சதவீதம். உலகத்திலேயே குறைவு! அதே மக்களைப் பல நாடுகளின் சூழலுக்கும் பொருந்துமாறு அந்தக் குழு உருவாக்கிய முறையில் பார்த்தபோது, ஆய்வு நடந்த எந்த இடத்திலும் 5.6 சதவீதத்துக்குக் குறையவில்லை.

மக்கள் மாறவில்லை, அளந்த முறைதான் மாறியது. வழக்கமான விதியில், மறதியால் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டதாகக் குடும்பத்தினர் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைக்கிறோம், கணக்கு வழக்கை மகன் பார்த்துக்கொள்கிறார். அப்பாவுக்கு மறதியால் என்ன கஷ்டம் என்று கேட்டால், "ஒண்ணும் இல்லையே, வயசான மனுசன்" என்றுதான் பதில் வரும். மூளைக்கு அட்டை வருவதற்கு முன்பே நம் வீட்டுக்குள் ஒரு அளவுகோல் இருக்கிறது. அதன் பெயர் 'வயசாயிடுச்சு'.

நாடு முழுவதும் நடந்த லாசி-டாட் ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. அதன்படி 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. நகரத்தில் 5.3 சதவீதம், கிராமத்தில் 8.4 சதவீதம்.

பழவேற்காட்டுக்கு இதில் என்ன?

கோலார் கடலே இல்லாத, வறண்ட விவசாயப் பூமி. பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியை நம்பி வாழும் ஊர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்று ஏரியைச் சுற்றி இருக்கும் குப்பங்களின் வாழ்க்கை வேறு. விடியலுக்கு முன்பே தண்ணீரில் இறங்கும் உழைப்பு, உப்பும் கருவாடும் கலந்த சாப்பாடு, இன்ஜின் படகின் சத்தம், படகில் வழுக்கித் தலையில் அடிபடும் வாய்ப்பு, சின்ன வயதிலேயே தொழிலுக்கு வந்ததால் பாதியில் நின்ற படிப்பு.

லான்செட் ஆணையம் 2024-ல் டிமென்ஷியாவுக்கு 14 காரணங்களைப் பட்டியலிட்டது. ரத்தக் கொதிப்பு, காது கேளாமை, தலைக்காயம், குறைந்த கல்வி, குடி, புகை, தனிமை எல்லாம் அதில் உண்டு. இவற்றைச் சரிசெய்தால் கிட்டத்தட்ட 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்கிறது என்பது அதன் கணிப்பு. மீன் சாப்பிடுவதால் மூளைக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். மீன் நல்ல உணவுதான். ஆனால் மீன் எண்ணெய் மாத்திரை கொடுத்து நடத்திய சோதனைகளில் மறதி தடுக்கப்பட்டதாகத் தெளிவான முடிவு வரவில்லை.

கேள்வித்தாள் விஷயத்திலும் இதே கதைதான். 1975-ல் அமெரிக்காவில் உருவான பிரபலமான ஞாபகசக்திச் சோதனை, இன்று என்ன தேதி என்று கேட்கும், 100-லிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும், ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும். கையெழுத்துப் போட மட்டும் தெரிந்தவர் இதில் தோற்பதற்கு மறதி தேவையில்லை. ஹரியானாவின் பல்லப்கரில் 1990-களில் நடந்த ஆய்வு, எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கேள்விகளை மாற்றியது. அன்றாட வேலைகளை வைத்துக் கேட்கும் தனிப் பட்டியலையும் தந்தது.

பழவேற்காட்டில் அப்படி ஒரு பட்டியல் போட்டால் அதில் 'பாடு' முறை கட்டாயம் இடம்பெறும். ஏரியில் எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று ஊர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் அது. ஆங்கிலத் தேதி தெரியாத பெரியவருக்கு இன்று என்ன திதி, நீரோட்டம் எப்படி, இன்றைக்கு யாருடைய பாடு என்பது விரல் நுனியில் இருக்கும். நாற்பது வருடமாகத் தவறாத அந்தக் கணக்கு ஒருநாள் தவற ஆரம்பித்தால், அதுதான் முதல் எச்சரிக்கை.  டாக்டரிடம் போகும்போது இந்த விஷயத்தைத்தான் முதலில் சொல்லணும்.

'வயசாயிடுச்சு' என்று விட்டுவிட்டால்?

மறதி எல்லாம் அல்சைமர் இல்லை. சரிசெய்யக்கூடிய மறதியும் உண்டு. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவை ரத்தப் பரிசோதனையிலும் விசாரிப்பிலும் தெரிந்துவிடும்.

இன்னொன்று, கடற்கரை ஊர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. முதியவர் லேசாகத் தலையில் இடித்துக்கொள்கிறார். அப்போது ஒன்றும் தெரியாது. மூளை சற்றுச் சுருங்கியிருப்பதால் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே இடம் இருக்கும். அங்கே ரத்தம் சொட்டுச்சொட்டாகச் சேரும். சில வாரம் கழித்துக் குழப்பம், தூக்கம், நடை தள்ளாட்டம். குடும்பம் இடித்ததையே மறந்திருக்கும். ஸ்கேன் எடுத்தால் உடனே தெரியும், சின்ன அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் சரியாகும். வயசு என்று விட்டால் உயிரே போகலாம். சில வாரங்களுக்குள் வேகமாக வந்த மறதி என்றால், அதை வயசின் கணக்கில் எழுதவே கூடாது.

அப்போ 60 வயசானா எல்லாரும் ஸ்கேன் எடுக்கணுமா?

வேண்டாம். அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் பணம் கட்டி மூளை ஸ்கேன் எடுப்பதை மருத்துவ அமைப்புகள் பரிந்துரைப்பதில்லை. தேவையில்லாத ஏதோ ஒரு புள்ளி தெரிந்து, அதற்கு மேல் பரிசோதனை, அதற்கு மேல் பயம் என்று போய்க்கொண்டே இருக்கும். கோலாரில் நடப்பது ஆய்வு. அதில் ஒரு தனி ஆளின் படம் ஆயிரக்கணக்கான படங்களோடு சேரும்போதுதான் அர்த்தம் பெறுகிறது.

ஆனால் ஏற்கனவே எடுத்த ஸ்கேன் இருந்தால் கதை வேறு. 55 வயதில் பைக்கிலிருந்து விழுந்தபோது, தலைவலிக்காக, வலிப்புக்காக என்று எப்போதோ எடுத்த படம் வீட்டில் இருக்கலாம். 70 வயதில் மறதி வரும்போது டாக்டருக்குக் கிடைக்கக்கூடிய ரொம்ப நல்ல அளவுகோல் அந்தப் பழைய படம்தான். வெளிநாட்டுச் சராசரி இல்லை, கோலார் சராசரிகூட இல்லை. அதே ஆளின் சொந்த மூளை. பல வீடுகளில் இதை அலமாரி மேலே போட்டு, உப்புக்காற்றில் ஒட்டிப்போன பிறகு தூக்கி எறிந்துவிடுகிறார்கள். ஃபிலிமை பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரிப்போர்ட்டை போனில் படம் பிடித்து, எடுத்த தேதியோடு வைத்துக்கொள்ளலாம். சி.டி. கொடுத்தால் அதையும் சேர்த்து வைக்கலாம். ஸ்கேனுக்குப் போகும்போது இதயத்தில் பேஸ்மேக்கர், உடம்பில் பழைய உலோகத் துண்டு ஏதாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடணும்.

பிரஷர், சுகர் பார்க்கச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்ட் முதல் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். முதியோருக்கான உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 மணி வரை தமிழிலும் பேசலாம்.